கந்தகத் தொட்டிக்குக் காற்று கொடுத்த என் சகலை

1

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று சத்தியம் செய்கிறேன். எதன் மேல் செய்வது என்பதில்தான் காலையிலிருந்து தாமதம். புத்தகத்தின் மேல் செய்யலாம் என்றால் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்றுதான். அதில் பாதி எண்கள் பொய். கடைசியில் என் வலது கண்ணின் மேல் செய்துவிட்டேன். இடது கண்ணில் புரை இருக்கிறது. அதன் மேல் செய்தால் தள்ளுபடியில் செய்த சத்தியம் மாதிரி ஆகிவிடும்.

கதை வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த குடிநீர் நிலையத்துக்கு இருபத்தைந்து வயது ஆகிறதாம். மலர் போடுகிறார்கள். மலருக்குப் பொறுப்பான எழுத்தர் போன் செய்தார்.

"ஐயா, உங்க கந்தகத் தொட்டியைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நுண்ணுயிரிகள், சுற்றுச்சூழலுக்கு அதுங்க செய்யற சேவை, அந்த மாதிரி."

"எந்த மாதிரி?"

"நல்ல மாதிரியா, ஐயா. தலைவரோட முன்னுரைக்கு அடுத்த பக்கம் உங்களுது. சோகமா மட்டும் எதுவும் வேண்டாம்."

"ரெண்டு பக்கத்துல சோகத்துக்கு ஏதுப்பா இடம்?" என்றேன்.

அவர் சிரித்தார். அது மூன்று வாரத்துக்கு முன்பு. இதுவரை பதினோரு தாள் கிழித்தாயிற்று. கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் என் மனைவி கடைக்குப் பட்டியல் எழுதிக்கொள்கிறாள். இந்தக் கதையின் சிறந்த தொடக்கம் ஒன்று வெங்காயத்தோடு கடைக்குப் போய்த் திரும்பவில்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்.

"கந்தகத்தை ஆக்சிஜனேற்றம் செய்து, நீரிலுள்ள நைட்ரேட்டை நீக்கும் நுண்ணுயிரிகள் சுற்றுச்சூழலுக்கு ஆற்றும் பங்கு அளப்பரியது." அளப்பரியது என்று எழுதியதும் கொட்டாவி வந்தது. எழுதுகிறவனுக்கே கொட்டாவி வந்தால் வாசிக்கிறவர் நிலைமை என்ன ஆகும். அடித்தேன்.

"அன்று செவ்வாய்க்கிழமை. தொட்டியின் மூடியைத் திறந்தபோது உள்ளே" என்று ஒன்று. உள்ளே என்ன இருக்கும்? தண்ணீர்தான் இருக்கும். பாதியிலேயே விட்டேன். அடிக்கவில்லை, கிடக்கட்டும்.

"எனக்கு ஒரு சகலை இருந்தார்."

இது தேவலை. சின்ன வாக்கியம், மூச்சு வாங்காமல் வாசிக்கலாம். சகலை என்று ஒருவரைக் கொண்டுவந்துவிட்டால் அவரைப் பற்றி எது சொன்னாலும் ஊர் நம்பும். சகலைக்கும் சகலைக்கும் உள்ள உறவு அப்படி. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். அதே நிலையத்தில், அதே முறைவேலையில் இருந்தார். நான் பம்ப். அவர் கந்தகத் தொட்டி.

இந்தத் தொடக்கத்தையே வைத்துக்கொள்கிறேன். இனி வேறு எழுத முதுகில் தெம்பில்லை.

3

தொட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. எழுத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் அதிகம். வயலுக்குப் போட்ட உரம், வீட்டுக் கழிவுக் குழிகள், எல்லாம் மண்ணில் இறங்கிக் கிணற்றில் வந்து சேரும். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. பெரியவர்கள் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பிறந்து சில மாதம் ஆகாத குழந்தைக்கு மட்டும் ஆகாது. ரத்தம் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்லும் வேலையைச் செய்யாமல் நின்றுவிடும். குழந்தை நீலம் பாரிக்கும்.

அதற்காகத்தான் தொட்டி. ஒன்றரை ஆள் உயரம். உள்ளே பட்டாணி அளவில் மஞ்சள் கந்தக மணிகள், நடுநடுவே சுண்ணாம்புக்கல். தண்ணீர் அடியில் நுழைந்து மேலே ஏறும். மணிகளின் மேல் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அந்தப் படலத்தில் குடியிருப்பவைதான் நம் நுண்ணுயிரிகள். அவற்றுக்குக் கந்தகம் சாப்பாடு. நாம் சாப்பிட்டதைச் செரிக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுக்கிறோம். அவை காற்று இல்லாத இடத்தில் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது நைட்ரஜன். அது குமிழாக மேலே வந்து காற்றோடு கலந்துவிடும். யாருக்கும் தொல்லையில்லை. கொஞ்சம் அமிலம் வரும், சுண்ணாம்புக்கல் அதைத் தணித்துவிடும். கடலடிச் சேற்றிலும், சாக்கடைக் குழாயிலும், வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்திலும் இவற்றின் சொந்தக்காரர்கள் இதே வேலையைப் பார்க்கிறார்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயுவைக் கூடத் தின்றுவிடுவார்கள். விருது கேட்டதில்லை.

* எங்கள் தொட்டியில் மொத்தம் நாலாயிரம் கோடிக்கு ஒன்று குறைவு. நானே எண்ணினேன். அந்த ஒன்று அன்றைக்கு விடுப்பு.

* ஒருமுறை குமிழ் பொங்கியதில் இரும்பு மூடி எழும்பி, அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் ஒரு முழம் உயரத்துக்குப் போய்வந்தார். டீ சிந்தவில்லை. இறங்கியதும், "இதைப் பதிவேட்டுல எழுதாதே" என்று மட்டும் சொன்னார். அதனால்தான் பதிவேட்டில் இல்லை.

(மேலே உள்ள இரண்டு குறிப்புகளையும் எழுத்தர் நீக்கிவிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வலது கண் லேசாக உறுத்துகிறது.)

4

இனி சகலை. இந்த ஆளைத்தான் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

முட்டாளாகக் காட்டினேன். வாசித்துப் பார்த்தால் அவ்வளவு முட்டாளை யார் தொட்டிக்குப் பொறுப்பாகப் போடுவார்கள் என்று கேள்வி வருகிறது. நல்லவராகக் காட்டினேன். சகிக்கவில்லை. ஒரு பத்தியிலேயே மனிதர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வந்துவிட்டது. எனவே தெரிந்ததை மட்டும் போடுகிறேன். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், மூன்றும் எழுதாது. வேலைக்கு வந்ததும் தொட்டிச் சுவரில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே குமிழ் ஓடும் சத்தம் இருந்தால், "என்னப்பா, எல்லாரும் வந்தாச்சா?" என்பார். குமிழ் குறைவாக இருந்தால் அன்றைக்கு அவருக்கும் சாப்பாடு இறங்காது.

தொட்டி வந்த புதிதில் தலைமை அலுவலகப் பொறியாளர் ஒருவர் எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தார். தொட்டியடியில் நிற்கவைத்தே பாடம். அவர் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

"இதுங்களும் உசிருதான்பா. நம்மள மாதிரியே மூச்சு விடும். நாம காத்தை இழுக்கறோம். இதுங்க என்ன பண்ணும்னா"

அந்த இடத்தில் அவருக்குப் போன் வந்தது. வேலிப்பக்கம் போய்ப் பேசினார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பியவர், "சரி, சுண்ணாம்புக்கல் எதுக்குன்னு பார்ப்போம்" என்று அடுத்ததற்குப் போய்விட்டார். நாங்கள் யாரும் கேட்கவில்லை. மூச்சு விடும் என்றால் காற்று வேண்டும். இதில் கேட்க என்ன இருக்கிறது? நம் பேச்சில் காற்றில்லாத மூச்சு என்று ஒன்று உண்டா? மூச்சு நின்றது என்றால் ஆள் போய்விட்டான் என்றுதானே அர்த்தம்.

இந்தக் கதையில் அங்கங்கே வாக்கியங்களைப் பாதியில் விட்டிருக்கிறேன். அதனால் யாருக்கும் காய்ச்சல் வரப்போவதில்லை. பொறியாளர் விட்டது ஒரே ஒரு வாக்கியம்.

5

சகலைக்கு ஒரே மகள். அவளைக் கட்டியவர் எங்கள் நிலையத்திலேயே எலெக்ட்ரீஷியன். நிலையக் குடியிருப்பில் நாற்பது வீடு. எல்லா வீட்டுக்கும் இந்தத் தொட்டித் தண்ணீர்தான். மகள் வீட்டில் மாமியாரும் உடன் இருந்தார். சம்பந்தியம்மா என்று சொல்லிக்கொள்வோம்.

மகளுக்குக் குழந்தை பிறந்தது. தாய்க்குக் காய்ச்சல் விடாததால் தாய்ப்பால் இல்லை, புட்டிப்பால். ஆஸ்பத்திரியிலிருந்து புதன்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். சகலை திங்களன்று ஆய்வக மேடத்திடம் போனார். மேடம் வாரம் ஒருமுறை, திங்கட்கிழமைதான் தொட்டித் தண்ணீரைச் சோதிப்பார்.

"எவ்வளவு, மேடம்?"

"பதினாலு. ஐம்பது வரைக்கும் போகலாம்யா. உங்க பேத்தி தாராளமாக் குடிக்கலாம்."

"பூஜ்யம் ஆக்க முடியாதா?"

"பதினாலே நல்ல தண்ணிதான்யா. சும்மா இருங்க."

சும்மா இரு என்றால் இருக்கிற ஆளா அவர்? பேத்தி வருகிறாள். பதினான்கு எதற்கு? பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் முனைந்தால் பூஜ்யம் ஆகிவிடும். ஏன் முனையவில்லை? இறுக்கி மூடிய தொட்டி. பாவம், மூச்சுத் திணறுகிறது.

திங்கள் மதியம் மூடியைத் திறந்து வைத்தார். மாலையில் வீட்டு மீன்தொட்டி மோட்டாரைக் கழற்றி வந்து குழாயை உள்ளே விட்டார். (வீட்டில் மீன்கள் அந்த வாரம் எப்படிச் சமாளித்தன என்று தெரியவில்லை. அது வேறு கதை.) போதவில்லை என்று தோன்றியிருக்கிறது. செவ்வாய் காலை வண்டிப் பட்டறையிலிருந்து டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை உருட்டிக்கொண்டு வந்து, அடிக்குழாயில் மாட்டி, திறந்துவிட்டார். பம்ப் இரைச்சலில் கம்ப்ரஸர் சத்தம் வேறு யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை. தொட்டி கொதிக்கிற பானை மாதிரி பொங்கியது. காதை வைத்துக் கேட்டார். அவ்வளவு குமிழை அவர் ஆயுளில் கேட்டதில்லை.

நான் அப்போது அந்தப் பக்கமாக வந்தேன்.

"என்ன சகல, தொட்டிக்குப் பஞ்சரா?"

"கிண்டல் பண்ணாதீங்க. எப்படி மூச்சு விடுதுங்க பாருங்க. நேத்து வரைக்கும் கஷ்டப்பட்டிருக்குங்க, நமக்குத் தெரியலை."

"சகல, இதுங்களுக்குக் காத்துன்னா ஆகாது. காத்து கெடச்சா அதையே இழுத்துக்கிட்டு நைட்ரேட்டைத் திரும்பிக்கூடப் பாக்காது. உடனே நிறுத்துங்க."

"நீங்க பம்ப்பைப் பாருங்க," என்றார் சகலை.

நானும் பம்ப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

6

மேலே உள்ள பகுதியை மனைவி வாசித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை வாசித்தாள்.

"அறிவுரை சொன்னது யாரு?"

"நான்தான்."

"காத்து ஆகாதுன்னு உங்களுக்கு அப்ப எப்படித் தெரியும்? பொறியாளர் பாதியில போனை எடுத்துட்டுப் போயிட்டார்னு முந்தின பக்கம்தானே எழுதியிருக்கீங்க?"

யோசித்தேன். அவள் சொல்வது சரிதான். கதையில் ஓட்டை.

"சரி, இன்னொண்ணு," என்றாள். "தெரிஞ்சும் சொல்லிட்டுப் பேசாம போயிட்டீங்கன்னா, அந்த ஆளைவிட நீங்கதானே மோசம்? அவர் தெரியாம பண்ணினார். நீங்க தெரிஞ்சு பம்ப்பைப் பாக்கப் போனீங்களாக்கும்."

இதுவும் சரி. என்னைப் புத்திசாலியாக்க அரைப் பக்கம் செலவழித்தேன். அரைப் பக்கத்தில் குற்றவாளி ஆகிவிட்டேன்.

"அப்போ நான் அந்தப் பக்கம் வரவே இல்லைன்னு எழுதிடறேன்."

"எழுதுங்க. நீங்க இல்லாம எழுதுங்க பார்ப்போம்," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

எழுதிப் பார்த்தேன். "செவ்வாய்க்கிழமை நான் விடுப்பில் இருந்தேன்." அப்படியானால் கம்ப்ரஸரை யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லை என்றால் எனக்கு எப்படித் தெரிந்தது? சகலை சொன்னார் என்று வைத்தால் எப்போது சொன்னார்? அப்போதே சொன்னார் என்றால் நான் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? பிறகு சொன்னார் என்றால் எவ்வளவு பிறகு? எங்கே நிறுத்திவைத்தாலும் என்னிடம்தான் வந்து நிற்கிறது. பெரிய எழுத்தாளர்கள் இதையெல்லாம் எப்படித்தான் தாண்டிப் போகிறார்களோ. எனக்குக் கால் வீங்கியிருக்கிறது.

ஐந்தாம் பகுதியில் என் பேச்சு முழுவதையும் நீக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கவில்லை. நீங்களே தாண்டிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை தொட்டியடியில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

7

புதன்கிழமை குழந்தை வந்தது. சகலையின் வீட்டிலிருந்து மகள் வீடு மூன்று கதவு தள்ளி. போய்ப் பார்த்தார். சம்பந்தியம்மா அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தார்.

"என்ன சம்பந்தி, உங்க தண்ணியை நம்பலாமா?"

"தைரியமா நம்பலாம். ஸ்பெஷல் தண்ணி இது."

"இருந்தாலும் நான் நல்லா கொதிக்க வெச்சுதான் குடுப்பேன். பாதியா சுண்டற வரைக்கும்."

"பலே," என்றார் சகலை.

கொதித்தால் கிருமி சாகும், உண்மை. நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகிப் போகும், அது போகாது. ஒரு லிட்டர் அரை லிட்டராகச் சுண்டினால் அது இரண்டு மடங்காகி உட்கார்ந்திருக்கும். இதை அந்தக் குடியிருப்பில் யாரும் அந்த அம்மாவுக்குச் சொல்லியிருக்கவில்லை. தொட்டி ஒழுங்காக வேலை செய்யும்போது சொல்லவும் தேவையில்லை. பதினான்கு இருபத்தெட்டானால் ஒன்றும் குடி முழுகாது.

ஞாயிறு மதியம் குழந்தையின் உதடு ஸ்லேட்டு நிறத்துக்கு வந்தது. பிறகு விரல் நுனிகள். அழுகை இல்லை, அசதியாகக் கிடந்தது. மகள் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் செருப்பில்லாமல் சம்பந்தியம்மா. அவருக்குப் பின்னால் சகலை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது. டாக்டர் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். நீலம் பாரித்த குழந்தைக்கு ஊசியில் ஏற்றியது கருநீல மருந்து. இதை நான் அளந்துவிடுகிறேன் என்று நினைப்பீர்கள். எந்த டாக்டரிடமும் கேட்டுப் பாருங்கள்.

"பால் கலக்கற தண்ணி யாரு வெச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான் டாக்டர். நல்லா சுண்டக் காய்ச்சி," என்றார் சம்பந்தியம்மா.

டாக்டர், காய்ச்சினால் நைட்ரேட் செறிவு கூடும் என்று சொல்லிவிட்டு, "தண்ணியோட மூலத்தையும் பாக்கணும்" என்றார். மகள் முதல் பாதியைத்தான் கேட்டாள். இரண்டாம் பாதி சுவரோரம் நின்றிருந்த சகலையின் காதில் விழுந்தது.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தொட்டிக்கு நடந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே கொண்டாட்டமாகக் குமிழ். வால்வை மூடும்போது என் கை

(அவர் கை. பேனா சறுக்கிவிட்டது.)

வால்வை மூடும்போது அவர் கை முதலில் தவறான பக்கம் திருகியது. கம்ப்ரஸரைப் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போய் இருந்த இடத்திலேயே வைத்து, மேலே அழுக்குத் துணியையும் பழையபடி போட்டார். தொட்டி மூடியைப் போட்டார்.

8

மறுநாள் ஆய்வக மேடம் அளந்தார். அறுபத்தெட்டு. மறுபடி அளந்தார். அறுபத்தெட்டு. கையுறையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு வந்தார். குடியிருப்பில் வேறு கைக்குழந்தை இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு கேட்டார்.

"என்னய்யா நடந்துச்சு போன வாரம்? மூடி திறந்திருந்துச்சா? ஏதாவது மாத்தினீங்களா?"

"தெரியலை, மேடம்."

"யோசிச்சுச் சொல்லுங்க. தப்பா எடுத்துக்க மாட்டேன். தெரிஞ்சா சரி பண்ணலாம், அவ்வளவுதான்."

"தெரியலை, மேடம்."

மேடம் கையுறையைக் கழற்றினார். பேத்தி ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆளை இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று நினைத்திருக்கலாம். பதிவேட்டில் மூன்று சொல் எழுதினார். அறுபத்தெட்டு, காரணம் தெரியவில்லை.

வியாழக்கிழமை தொட்டி பதினான்குக்குத் திரும்பிவிட்டது. காற்று நின்றதும், அந்த நாலாயிரம் கோடியும் ஒன்றுமே நடக்காத மாதிரி நைட்ரேட் பக்கம் திரும்பி வேலையில் உட்கார்ந்துவிட்டன. அவற்றுக்குக் கோபமும் கிடையாது, வருத்தமும் கிடையாது. அவற்றின் சேவையைப் பற்றி எழுதச் சொன்னார்களே, இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குழந்தை அதே வாரம் வீடு திரும்பியது. வீட்டில்தான் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"இனிமே நீங்க பாலைத் தொடாதீங்க, அத்தை," என்றாள் மகள்.

"அரை மணி நேரம் காய்ச்சினேன்மா. அதுல என்ன தப்பு?"

"டாக்டர் என்ன சொன்னார்னு கேட்டீங்கல்ல."

சம்பந்தியம்மா சகலையைப் பார்த்தார். "சம்பந்தி, நீங்க தண்ணி டிபார்ட்மெண்ட்டுதானே. நீங்களே சொல்லுங்க. நான் காய்ச்சினதாலயா?"

சகலை அப்போது என்ன சொன்னார் என்றால்

 சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார்.

ஆறு மாதத்தில் அந்த அம்மா மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டார். பேத்திக்கு இப்போது பத்தொன்பது வயது. இத்தனை வருஷத்தில் பாட்டி அந்த வீட்டுக்கு வந்தது ஒரே தடவை. அன்றும் சமையலறை வாசலைத் தாண்டவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் கூட, "யாராவது கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

9

முடிவுகள்.

அ. பொறியாளருக்குப் போன் வரவில்லை. அவர் வாக்கியத்தை முடிக்கிறார். கதையே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். ஆனால் இரண்டு பக்கம் வராது.

ஆ. நுண்ணுயிரிகள் ஒன்றுகூடி, நடந்ததை விளக்கி, நாலாயிரம் கோடிக்கு ஒன்று குறைவான கையெழுத்துகளுடன் மேலிடத்துக்கு மனுக் கொடுக்கின்றன. இதை நான் சாதாரணமாகவே எழுதிவிடுவேன். ஒரு பத்து வருஷம் முன்பாக இருந்தால் இதையே எழுதி, எல்லாரும் சிரித்து, தப்பித்திருப்பேன். இப்போது எழுத உட்கார்ந்தால் மனுவின் முதல் வரியிலேயே சலித்துவிடுகிறது.

இ. சகலை மறுவாரமே மகளிடம் போகிறார். "அம்மா, தண்ணி கெட்டது என்னாலதான். உங்க அத்தை மேல தப்பில்லை." மகள்

இந்த இடத்தில் மகள் என்ன சொல்வாள் என்று பத்தொன்பது வருஷமாக எழுதிப் பார்க்கிறார் சகலை. சில நாள் அவள் கதவைச் சாத்துகிறாள். சில நாள், "ஏன்பா அன்னைக்கே சொல்லலை?" என்கிறாள். கதவைச் சாத்தும் நாட்களே தேவலை என்பார் சகலை.

ஈ. சகலை காலமாகிவிட்டார். எழுதுகிறவனுக்கு இதைவிட வசதி கிடையாது. போனவரை யார் திட்டப்போகிறார்கள். நல்ல மனுஷன், தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல்லி மலரை மூடிவிடுவார்கள். இதைத் தேர்ந்தெடுத்து, சுத்தமாகப் படி எடுத்து, உறையில் போட்டும் ஆயிற்று. மனைவி உறையைப் பிரித்து வாசித்தாள்.

"சாகடிச்சிட்டீங்களா?"

"கதைதானே."

"வேண்டாம். இருக்கட்டும் அந்த ஆளு. இருந்து பதில் சொல்லட்டும்."

"யாருக்கு? இத்தனை வருஷம் கழிச்சு என்னத்துக்கு?"

"அந்தம்மா போன வாரம் போன் பண்ணினாங்க. எண்பது வயசாச்சு. இப்பவும் அதேதான் கேக்கறாங்க. பேத்திக்குக் கல்யாணம் காட்சி வந்தா என்னை அடுப்படிக்குள்ள விடுவாளான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?" அவள் தாளை மடித்து என் முன்னால் வைத்தாள். "எனக்கு இதை வெச்சுக்கிட்டுப் பேசிப் பேசி அலுத்துப் போச்சுங்க. நீங்களே எழுதுங்க. ஆனா பட்டியல் எழுத இந்தத் தாளை எடுத்துக்க மாட்டேன்."

10

ஈ-யை அடித்துவிட்டேன். அ, ஆ இரண்டும் விளையாட்டு. இ மட்டும் நிற்கிறது, பாதியில்.

அதை நான் முடிக்கப்போவதில்லை. எனக்குத் தெரியாது. வாசகர்களிடம் விட்டுவிடுவதுதான் மரபு என்கிறார்கள். எல்லா வாசகர்களிடமும் இல்லை. மலரை நிலையத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்புவார்களாம். மகளைக் கட்டிய எலெக்ட்ரீஷியன் இப்போது தலைமை எலெக்ட்ரீஷியன். அவர் மலரெல்லாம் வாசிக்கிற ஆளில்லை, பார்த்துவிட்டு மேசையில் போட்டுவிடுவார். அந்த வீட்டில் வாசிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள், அவர் மனைவி. மகளின் பதிலை அவள் எழுதிக்கொள்ளட்டும். கதவைச் சாத்தினாலும் சரி. ஆனால் சாத்துவதற்கு முன்னால் அந்த அம்மாவுக்கு ஒரு போன் செய்துவிட்டுச் சாத்தட்டும். மற்றவர்கள் தலைவரின் முன்னுரைக்குப் போகலாம். அதில் புகைப்படம் உண்டு.

இரண்டு பக்கம் கேட்டார்கள், தாண்டிவிட்டது. வெட்டுவதானால் தொட்டியைப் பற்றிய பகுதியை வெட்டச் சொல்லி எழுத்தருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். மலரில் எழுதுபவர்களின் குடும்ப விவரமும் வேண்டும் என்று ஒரு படிவம் அனுப்பியிருந்தார். அதை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் உள்ளதையே இங்கும் எழுதிவிடுகிறேன், அவர் தேட வேண்டாம்.

என் மனைவி அவள் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.